வீட்டுக்கு ஒரு டார்ச் லைட்: பார்த்து வாங்குவோம்!



போன மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல், உள்கடன் திருப்பம் எல்லாம் பதிவேட்டில் எழுதியாயிற்று. கிளம்புகிற நேரத்தில் பட்டென்று கரண்டு போய்விட்டது. "யார்கிட்ட டார்ச் இருக்கு?" என்று ஊக்குநர் கேட்டார். பதினாறு பேர் இருந்தோம். மூன்று பேரிடம் செல்போன் வெளிச்சம் இருந்தது. டார்ச் லைட் ஒருவரிடம்கூட இல்லை.

அப்போது ஒரு அக்கா சொன்னார்: "எங்க வீட்ல டார்ச் இருக்கு. அவர் தண்ணி பாய்ச்சப் போறப்ப எடுத்துட்டுப் போயிடுவார். நான் கொல்லைப் பக்கம் போறதுன்னா நிலா வெளிச்சம்தான்."

எல்லோரும் சிரித்தோம். அந்த அக்கா சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மாமியார் விறகு எடுக்கப் போய், கயிறு கிடக்கிறது என்று நினைத்துப் பாம்பை மிதித்துவிட்டார். உடனே வண்டி பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனதால் பிழைத்தார். "அன்னைக்கு ஒரு நல்ல லைட்டு கையில இருந்திருந்தா அத்தை மிதிச்சே இருக்க மாட்டாங்க" என்றார் அக்கா. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தோம். அடுத்த கூட்டத்துக்கு அவரவர் வீட்டில் உள்ள டார்ச் லைட்டைக் கொண்டுவர வேண்டும். எது நல்லது, எது சும்மா என்று நாமே பார்த்துவிடுவோம் என்று பேசிக்கொண்டோம். அந்தக் கூட்டத்திலும், அதன் பிறகு கடைகளில் விசாரித்தும் நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறோம்.

பெண்கள் ஏன் இதைப் பேச வேண்டும்?

இருட்டில் அதிகம் நடப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். விடியும் முன்னே எழுந்து வாசல் தெளிப்பது, மாட்டுக் கொட்டகைக்குப் போவது, விறகு எடுப்பது, கோழியைக் கூட்டில் அடைப்பது, பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் பெரும்பாலும் நாம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே டார்ச் லைட் வயலுக்குப் போய்விடுகிறது.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் அதிக ஆபத்தான பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டு விரியன் இரவில் நடமாடும், வீட்டுக்குள்ளும் வரும். கண்ணாடி விரியன் காய்ந்த சருகு நிறத்திலேயே இருக்கும். சருகுக்குள் படுத்திருந்தால் பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் எப்படித் தெரியும்?

இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிந்தால் பயந்துவிட்டுப் போகலாம். பாம்பு கயிறாகத் தெரிந்தால்தான் ஆபத்து. ஆகவே நமக்கு வேண்டிய டார்ச் எது? காலடியில் கிடப்பது என்னவென்று தெளிவாகக் காட்டுகிற டார்ச். தூரத்துத் தென்னை மரத்தில் வெளிச்சம் அடிக்கிற டார்ச் அல்ல. இந்தப் பாடத்தில் முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

நாங்கள் செய்த கயிறு சோதனை

அடுத்த கூட்டத்துக்கு எட்டு டார்ச் லைட் வந்தன. பொழுது சாய்ந்த பிறகு கொட்டகைக்குப் பின்னால் சருகுமேல் ஒரு கை நீளத்துக்குப் பழுப்புக் கயிறு ஒன்றைப் போட்டு வைத்தோம். எங்கே போட்டோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக டார்ச் அடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வர வேண்டும். கயிறு கண்ணில் பட்டதும் நிற்க வேண்டும். எத்தனை அடி தள்ளி நின்றார்கள் என்று அளந்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய டார்ச் ஒன்று வந்திருந்தது. "அரை கிலோமீட்டர் அடிக்கும்" என்று சொல்லி விற்றதாம். எதிரே இருந்த வேப்ப மரத்தின் உச்சி பளிச்சென்று தெரிந்தது. ஆனால் கீழே அடித்தால் ஒரு தட்டு அளவுக்குத்தான் வெளிச்சம், சுற்றிலும் கும்மிருட்டு. அதைப் பிடித்து வந்த தங்கச்சி கயிற்றை மிதித்துவிட்டு அப்பால் போனார்!

வெளிச்சம் அகலமாகப் பரவுகிற, கைக்கு அடக்கமான ஒரு சின்ன டார்ச் பத்தடிக்கு முன்னாலேயே கயிற்றைக் காட்டிவிட்டது. அதன் விலை அந்தப் பெரிய டார்ச்சில் பாதிகூட இல்லை.

செல்போன் வெளிச்சத்தையும் பார்த்தோம். வெளிச்சம் பரவலாகத்தான் வருகிறது. ஆனால் பலம் குறைவு. நாலைந்து அடிக்கு மேல் மங்கிவிடுகிறது. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் போன் என்று போனால் போன் தண்ணீரில் விழும். ராத்திரி அவசரத்துக்கு 108-க்குப் போன் போட வேண்டிய நேரத்தில் சார்ஜ் தீர்ந்து கிடக்கும். ஆபத்துக்குப் பரவாயில்லை, தினசரிப் பழக்கமாக வேண்டாம்.

இந்தக் கயிறு சோதனையை உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

வாட் பெரிதா, லூமன் பெரிதா?

கடையில் கேட்டால் "பத்து வாட், இருபது வாட்" என்பார்கள். வாட் என்பது லைட் எவ்வளவு கரண்டு சாப்பிடுகிறது என்பதைச் சொல்வது. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதைச் சொல்வது லூமன். மாடு எவ்வளவு தீவனம் தின்கிறது என்பது வாட் மாதிரி. எத்தனை லிட்டர் பால் கறக்கிறது என்பது லூமன் மாதிரி. நாம் பாலைத்தானே பார்க்க வேண்டும்!

நம் அப்பா காலத்துப் பித்தளை டார்ச்சில் இரண்டு பெரிய பேட்டரிக் கட்டை போட்டாலும் குண்டு பல்பில் 10 முதல் 20 லூமன் அளவுக்குத்தான் வெளிச்சம் வரும். மீதி எல்லாம் சூடாகப் போய்விடும். இப்போது வரும் எல்.இ.டி. பல்பு ஒரு வாட்டிலேயே சுமார் 100 லூமன் தரும்.

வீட்டைச் சுற்றி நடக்க, கொட்டகைக்குப் போக 100 லூமன் தாராளம். வயல் வரப்பு, தோப்புப் பக்கம் போகிறவர்களுக்கு 200 முதல் 300 லூமன் இருந்தால் நல்லது. அதற்கு மேல் வாங்கினால் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

அட்டையில் போட்டிருப்பதை எல்லாம் நம்பிவிடக் கூடாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பொய் தெரிந்துவிடும். ரீசார்ஜ் டார்ச்சில் 1200 எம்.ஏ.எச். லித்தியம் பேட்டரி என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து ஒரு வாட் லைட் சுமார் 4 மணி நேரம் எரியும். உண்மையிலேயே பத்து வாட் என்றால் அரை மணி நேரம்கூட எரியாது. "பத்து வாட், பத்து மணி நேரம் எரியும்" என்று ஒரே அட்டையில் இரண்டும் போட்டிருந்தால் ஒன்று பொய்.

இன்னொன்று. பெருவிரல் பருமனுள்ள லித்தியம் செல்லை 18650 என்று சொல்வார்கள். அந்த அளவுச் செல்லில் 4000 எம்.ஏ.எச். வருவதே அரிது. அதன்மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள்.

எந்த பேட்டரி நல்லது?

டார்ச் கெட்டுப்போனது என்று நாம் தூக்கிப் போடுவதில் பல நேரம் பல்பு நன்றாகத்தான் இருக்கும், பேட்டரிதான் போயிருக்கும். ஆகவே டார்ச் வாங்குவது என்றால் பேட்டரி வாங்குவது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வகை இருக்கிறது.

1. செல் போடுகிற டார்ச்: பெரிய கட்டையோ, கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன செல்லோ போடுவது. கரண்டே இல்லாத இடத்துக்கும், வெள்ளம் புயல் காலத்துக்கும் இதுதான் கைகொடுக்கும். தீர்ந்தால் பெட்டிக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தினமும் அடித்தால் செல் செலவு ஏறும். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும். புதுச் செல்லோடு பழைய செல்லைக் கலந்து போடக் கூடாது.

2. ஈய அமில பேட்டரி உள்ள ரீசார்ஜ் டார்ச்: கையில் தூக்கினால் கனமாக இருக்கும். அடிப்பக்கத்தில் பிளக் முள் இருக்கும். நேராகச் சுவரில் செருகி சார்ஜ் போடுவோம். விலை மலிவு. ஆனால் முழுக்கத் தீர்ந்த நிலையில் சும்மா போட்டு வைத்தால் பேட்டரி செத்துவிடும். உபயோகப்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி மலிவானதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் இரவும் பகலும் செருகியே வைக்கக் கூடாது. எங்கள் குழுவில் "மூணே மாசத்துல போயிடுச்சு" என்று சொன்ன மூன்று பேரின் டார்ச்சும் இந்த வகைதான். மூன்று பேருமே தீர்ந்த டார்ச்சை அலமாரியில் போட்டு மறந்தவர்கள்.

3. லித்தியம் பேட்டரி உள்ள ரீசார்ஜ் டார்ச்: எடை குறைவு. செல்போன் சார்ஜர் ஒயரிலேயே சார்ஜ் போடும்படி வருகிறது. போட்டு வைத்தாலும் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். தினசரி வீட்டு உபயோகத்துக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அடுப்புப் பக்கமோ, வெயிலிலோ வைக்கக் கூடாது. உப்பிப்போனால் அன்றோடு விட்டுவிட வேண்டும். ஆணி குத்துவது, நெருப்பில் போடுவது கூடவே கூடாது, தீப்பிடிக்கும். லித்தியம் செல்லின்மேல் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

"தலையில் சோலார் தகடு இருக்குக்கா, கரண்டே வேண்டாம்" என்றும் விற்பார்கள். உள்ளங்கை அளவில் பாதித் தகடு வைத்து ஒரு பேட்டரி நிறைய நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும். வெயிலில் போட்டுவைத்தால் பேட்டரியும் சூடாகிக் கெடும். தகடு தனியாக, பெரியதாக வருகிற சோலார் விளக்கு நல்லது. டார்ச்சின் முதுகில் ஒட்டிய சின்னத் தகட்டுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

முக்கிய எச்சரிக்கை: சாவிக் கொத்தில் தொங்குகிற குட்டி லைட், விளையாட்டு லைட் இவற்றில் பொத்தான் மாதிரித் தட்டையான செல் இருக்கும். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். "தானா வெளிய வந்துடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மலிவா, லாபமா? ஒரு கணக்கு

நாம் வரவு செலவுக் கணக்கு எழுதிப் பழகியவர்கள். டார்ச்சுக்கும் ஒரு கணக்குப் போடுவோம்.

முதல் டார்ச்: விலை 120 ரூபாய். சின்ன செல் மூன்று போட வேண்டும். செல் ஒன்று 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 45 ரூபாய். மாதம் ஒரு தடவை மாற்றினால் இரண்டு வருஷத்துக்கு 1,080 ரூபாய். டார்ச் விலையும் சேர்த்து 1,200 ரூபாய்.

இரண்டாவது டார்ச்: லித்தியம் ரீசார்ஜ், விலை 350 ரூபாய். வாரம் இரண்டு தடவை சார்ஜ் போட்டாலும் வருஷத்துக்குச் சுமார் ஒரு யூனிட் கரண்டுதான் ஆகும். இரண்டு வருஷம் உழைத்தால் மொத்தச் செலவு 350 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

ஆனால் இதே 350 ரூபாய் டார்ச் ஆறு மாதத்துக்கு ஒன்று கெட்டுப்போனால்? இரண்டு வருஷத்தில் நான்கு டார்ச், 1,400 ரூபாய்! செல் டார்ச்சைவிட நஷ்டம். ஆகவே ரீசார்ஜ் டார்ச் வாங்கினால் பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் இல்லேன்னா இருபது ரூபா குறைச்சுத் தரேன்" என்பார்கள். அந்த இருபது ரூபாய் நமக்கு லாபம் இல்லை.

வீட்டில் பழைய பித்தளை டார்ச் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். குண்டு பல்புக்குப் பதிலாக அதே இடத்தில் போடும்படி எல்.இ.டி. பல்பு மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது. எத்தனை கட்டை போடுகிற டார்ச் என்று சொல்லி அதற்கு ஏற்றதை வாங்க வேண்டும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

1. கடையின் இருட்டான மூலையில் தரையைப் பார்த்து அடியுங்கள். நடுவில் பளிச்சென்றும், சுற்றிலும் குறைந்தது நாலடி அகலத்துக்கு மெல்லிய வெளிச்சமும் பரவ வேண்டும். கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி வெளிச்சத்தைக் குறுக்கவும் விரிக்கவும் முடிந்தால் இன்னும் வசதி.

2. வெளிச்சத்தின் நிறம் ரொம்ப நீலமாக இருக்கக் கூடாது. ஒரு பழுப்பு அட்டையையும் ஒரு பச்சைத் துணியையும் வைத்து அடித்துப் பாருங்கள். நிறம் பிரிந்து தெரிய வேண்டும்.

3. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தேடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்தாலும் விரலுக்குச் சட்டென்று அகப்பட வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் நேராக எரிய வேண்டும். மினுக்கு மினுக்கென்று அடிப்பது, சிவப்பு லைட் என்று நாலு தடவை அழுத்தித்தான் வெளிச்சம் வரும் என்றால் அவசரத்துக்கு உதவாது.

4. கையில் கனம் பாருங்கள். வீட்டுப் பாட்டியும் பத்து வயதுப் பிள்ளையும் பிடிக்கும்படி இருக்கட்டும். மணிக்கட்டில் மாட்டக் கயிறு இருந்தால் வாளி தூக்கவும் கை ஓயும்.

5. மழையில் தாங்குமா என்று கேளுங்கள். அட்டையில் ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் தூறல், தெறிக்கும் தண்ணீர் தாங்கும். தண்ணீரில் முக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

6. அட்டையில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு பைசா கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

வாரண்டி இருந்தும் மாற்றித் தர மறுத்தால் சும்மா விட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பில் கையில் இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

வாங்கிய பிறகு

நல்ல டார்ச் வாங்கி அது ராத்திரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் வாங்கியும் பயனில்லை. வாசல் பக்கம் கை எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடியுங்கள். டார்ச்சுக்கு அதுதான் இடம். எடுத்தவர் திரும்ப அங்கேயே மாட்ட வேண்டும். வயலுக்குப் போகிறவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டு டார்ச் வீட்டை விட்டுப் போகக் கூடாது. இதைக் கண்டிப்பாக வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வாரத்தில் ஒரு நாளைச் சார்ஜ் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குழுக் கூட்டம் நடக்கிற நாளையே வைத்திருக்கிறோம், மறப்பதில்லை.

நடக்கும்போது வெளிச்சம் காலுக்கு நாலைந்து அடி முன்னால் தரையில் விழ வேண்டும். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். அதிர்வு உணர்ந்தால் பாம்பு பெரும்பாலும் ஒதுங்கிவிடும். விறகு, வைக்கோல், வறட்டி எடுக்கும் முன் முதலில் வெளிச்சம், அப்புறம்தான் கை. பாய் விரிக்கும் முன் மூலை முடுக்கில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கட்டு விரியனுக்கும் அது ஒரு தடுப்பு.

இத்தனையும் மீறிக் கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் 108-க்குப் போன் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கட்டு விரியன் கடித்தால் வலியே இல்லாமல், பல் தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். ராத்திரி தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்று வலி, இமை தானாக மூடுவது என்று இருந்தால் அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

குழுவாகச் சேர்ந்து வாங்கினோம்

இதற்கு உள்கடன் எல்லாம் தேவைப்படவில்லை. வாரம் 25 ரூபாய் வீதம் தனியாகச் சேர்த்தோம். முதலில் ஒரே ஒரு டார்ச் வாங்கி, இரண்டு பேர் வீட்டில் பத்து நாள் வைத்துப் பார்த்தோம். கயிறு சோதனையிலும் தேறியது. அதன் பிறகு பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கடையில் சேர்த்து வாங்கினோம். பேரம் பேச முடிந்தது. பில், வாரண்டி அட்டை எல்லாம் குழுவின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. கெட்டுப்போன பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்து, கடைக்காரரிடமே கொடுக்கிறோம். பேட்டரித் தயாரிப்பாளர்கள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2022-ல் வந்த விதியே சொல்கிறது.

போன வாரம் அந்த அக்காவின் மாமியார் கூட்டத்துக்கு வந்திருந்தார். திரும்பிப் போகும்போது இருட்டிவிட்டது. மருமகள் டார்ச்சை எடுப்பதற்குள் அவரே கையில் வாங்கி முன்னால் அடித்துக்கொண்டு நடந்தார். "நீ பின்னால வா, நான் வழி காட்டறேன்" என்றார்.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில், பெண்கள் எடுக்கும்படி ஒரு டார்ச் லைட் எப்போதும் இருக்கிறது?
2. கடைசியாக வாங்கிய டார்ச் எத்தனை மாதம் உழைத்தது? பில் இருக்கிறதா? ஏன் கெட்டது?
3. கயிறு சோதனையில் யார் வீட்டு டார்ச் தேறியது? எத்தனை அடியில் கயிறு தெரிந்தது?
4. நம் ஊருக்கு அருகில் பாம்புக்கடிக்கு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது? ராத்திரியில் அங்கே போக என்ன வழி?

பேசி முடித்ததைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் வீட்டு வாசலில் ஓர் ஆணியும், அதில் ஒரு டார்ச் லைட்டும் தொங்கட்டும்.